மண்ணின் ஈரம் சொல்லும் நான்கு விளக்குகள்

கரும்புக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்பதை நம் விவசாயிகள் பெரும்பாலும் மேல்மண்ணின் தோற்றத்தைப் பார்த்தோ, மும்முனை மின்சாரம் வருகிற வேளையை அநுசரித்தோதான் நிர்ணயிக்கிறார்கள். வெயிலில் வெளுத்துக் கிடக்கும் நிலத்தைச் சாண் ஆழம் கிளறிக் கீழ்மண்ணைப் பிடித்தால், அது கையில் உருண்டையாகத் திரளுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒரு போகத்துக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை ஜலத்தை வேண்டும் பயிருக்கு இந்த அநுமானம் போதவே போதாது.

1912-ல் ஸ்தாபிதமான கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம் இந்தக் குறையைத் தீர்க்க உருவாக்கியுள்ள மண் ஈரங்காட்டி, கையில் எடுத்துச் செல்லத்தக்க எளிய சாதனம். அதன் இரு கம்பிகளையும் வேர்ப்பகுதியில் இறக்கினால், மண்ணில் மின்சாரம் பாயும் அளவைக் கொண்டு ஈரத்தைக் கணித்து ஒரு விளக்கை எரியவிடுகிறது. நீலமானால் ஈரம் ஏராளம், பச்சையானால் போதுமானது, ஆரஞ்சானால் பாய்ச்சலாம், சிவப்பானால் தாமதிக்கலாகாது. எண்ணும் இல்லை, கைபேசியும் தேவையில்லை. மடை திருப்பும் ஆளே பார்த்து முடிவு செய்யலாம் என்பதை இதன் பிரதான குணமாகக் கருதுகிறேன்.

காய்ந்த நிலத்தில் கம்பிகளைப் பலவந்தமாக அழுத்தக்கூடாது. மெல்லிய இரும்புக் கம்பியால் முதலில் துளையிட்டு, மண் இறுகப் பற்றும்படி இறக்க வேண்டும். இடையில் காற்று புகுந்தால் ஈர மண்ணிலும் சிவப்பு எரியும்.

ஆனால் எனக்கு மிகுந்த பிரயோஜனம் தந்தது வேறொரு சங்கதி. ஒரே பாரில் மடைவாயருகே நீலமும், நடுவில் பச்சையும், கடைக்கோடியில் ஆரஞ்சும் எரிந்தபோது, தண்ணீர் பாய்ச்சும் நாளைவிட நிலத்தின் மட்டமும் வாய்க்காலின் நீளமுமே முதலில் திருத்தப்பட வேண்டியவை என்பது ஐயமறத் தெரிந்தது. கரும்புச் சோகையை மூடாக்காகப் பரப்பிய பார்களிலோ, பக்கத்து வெற்றுப் பார்கள் ஆரஞ்சுக்கு வந்த பின்னரும் பச்சை நீடித்தது. இவ்வளவையும் வெறுங்கண்ணால் அறிந்திருக்க முடியாது.

குறைகளும் உண்டு. நீரில் கரைந்த உப்பும் மின்சாரத்தைக் கடத்துமாதலால், உவர்நிலத்திலும் உப்புக் கிணற்றுப் பாசனத்திலும் உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டக்கூடும். அங்கே மண்ணைத் தோண்டிப் பிடித்துப் பார்த்து ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும். எவ்வளவு பாய்ச்சுவது என்பதையும் இது சொல்லாது. பயிரின் பருவத்தை இது அறியாதென்பதையும் மறக்கலாகாது: அறுவடைக்கு முந்திய முதிர்ச்சிக் காலத்தில் தண்ணீரைக் குறைத்தால்தான் சர்க்கரைச் சத்து ஏறும், அப்போது ஆரஞ்சு விளக்கைக் கண்டவுடன் மடையைத் திறப்பது நஷ்டத்தையே தரும்.

சிறு விவசாயி ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை ஆலைகளின் கரும்பு அலுவலர்கள் தோட்டம் பார்க்க வரும்போது இதை எடுத்து வந்து, ஒவ்வொரு வயலிலும் மடைவாய், நடு, கடைக்கோடி ஆகிய மூன்றிடத்திலும் விவசாயியின் கையாலேயே இறக்கச் செய்து காட்டினால் பெரும் உபகாரமாயிருக்கும்.