மொட்டை மாடித் தொட்டியும் மின்னணுப் பொழுதுபோக்கும்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், தொட்டி நிரம்பித் தெருவரை தண்ணீர் ஓடுவதும், பக்கத்து வீட்டிலிருந்து குரல் வருவதும் நம் ஊர்களில் அன்றாடம் நடப்பவை. வீட்டில் மின்னணுச் சுற்றுகள் செய்து பழகுகிறவர், மினுக்கும் எல்.இ.டி, எஃப்.எம் ரேடியோ எல்லாம் முடித்தபின், வீட்டாருக்கும் உதவட்டும் என்று கையில் எடுக்கும் வேலை பெரும்பாலும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவிதான். இந்தப் பொழுதுபோக்கு என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்று எடைபோட இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சுற்று எளியது. தொட்டிக்குள் அடியில் ஒரு கம்பி, விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொன்று. தண்ணீர் மேல்கம்பியைத் தொட்டதும் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்து, பிசி 547 போன்ற ஒரு டிரான்சிஸ்டரின் பேஸைச் சேரும். டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெருக்கி ரிலே என்ற மின்காந்த ஸ்விட்சை இழுக்கும், மோட்டார் நிற்கும். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீரில் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் முதல் தடவையே வேலை செய்துவிடும். ரிலே ‘டக்’ என்று விழும் அந்தச் சத்தத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. டிரான்சிஸ்டரின் பெருக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு மாணவி, தன் விரல் ஈரத்தால் ஒரு ரிலேயை இழுக்கவைத்துப் பார்த்தபின் அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டாள்.

ஆனால் இந்தக் கருவி உண்மையில் கற்பிக்கத் தொடங்குவது சில வாரங்கள் கழித்து, அது தவறும்போதுதான். தொட்டி நிரம்பியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சையும் கருப்புமாக அரித்துப் போயிருக்கும். காரணம் நேர்மின்னோட்டம். உப்பு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளுக்கிடையே ஒரே திசையில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால், நேர்முனைக் கம்பி மெல்ல மெல்லக் கரைகிறது. அதன் மேல் படியும் பொருள் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. டிரான்சிஸ்டருக்குத் தண்ணீர் வந்த செய்தியே போய்ச் சேர்வதில்லை. கரைந்த உலோகமோ வீட்டார் புழங்கும் தண்ணீரில் கலந்திருக்கிறது. இதற்கு மாற்று உண்டு. கம்பியை எவர்சில்வராக மாற்றலாம். திசை மாறும் மின்னோட்டத்தைக் கொடுக்கலாம். அளக்கும் அந்த ஒரு நொடித்துளிக்கு மட்டும் மின்சாரத்தை விட்டு உடனே நிறுத்திவிடலாம். இந்த மூன்றில் ஒன்றைத் தானாகக் கண்டடைந்தவருக்குப் பாடப்புத்தகம் எதுவும் தராத அறிவு கிடைத்துவிட்டது. பழுது டிரான்சிஸ்டரிலா, ஒயரிலா, தண்ணீரிலா என்று மல்டிமீட்டர் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துச் சந்தேகத்தைச் சுருக்கிக்கொண்டே போகும் பழக்கம்தான் அது. இந்தப் பொழுதுபோக்கின் மதிப்பு முழுவதும் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்பேன்.

இன்று வீட்டு மேசைகளில் நடப்பதன் பெரிய குறையும் இங்கேதான் தொடங்குகிறது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் பலகை உருவானது. மின்னணுவியல் படிக்காதவரும் கருவி செய்ய முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் அது வியக்கத்தக்க வெற்றி பெற்றது. கலைஞர்கள், விவசாயிகள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரை கதவு திறந்தது. அதோடு, எல்லாமே மாட்யூலாகக் கிடைக்கும் காலமும் வந்தது. நான்கு ஒயரைச் செருகி, யாரோ எழுதிய நிரலை ஏற்றினால் வேலை முடிந்தது. முதல் வெற்றி வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லும் இந்த முறை, அதற்கடுத்த பழுதின் முன் ஆளைத் தனியே விட்டுவிடுகிறது.

அதே தொட்டியில் கம்பிக்குப் பதில் மீயொலி உணரியை வைத்தவரைப் பாருங்கள். தண்ணீர் படாத உணரி என்று வாங்கியிருப்பார். ஒரே முகப்பே ஒலியை அனுப்பவும் எதிரொலியைக் கேட்கவும் செய்யும் வகை அது. ஒலியை அனுப்பிய அதிர்வு அடங்கும்வரை அதனால் எதையும் கேட்க முடியாது. எனவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குக் குறைவான தூரத்தை அது சரியாகச் சொல்லாது. தொட்டி நிரம்பும் நேரத்தில் தண்ணீர் அந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. எந்த நொடிக்காகக் கருவியை வைத்தோமோ அந்த நொடியில் அது தவறான எண்ணைத் தருகிறது. இதை அறியாதவர் நிரலை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்துச் சலித்து, கடைசியில் இன்னொரு மாட்யூல் வாங்குவார். உணரியைச் சிறிது உயர்த்தி வைத்தாலே போதுமென்பது, அது எப்படிக் கேட்கிறது என்று யோசித்தவருக்கு மட்டுமே தோன்றும்.

பழைய காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. 1971-இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்த 555 டைமரையும், 4017 எண்ணியையும் சேர்த்து ஓடும் விளக்குச் செய்தவர்களில் பலரும் பத்திரிகைப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தவர்களே. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைப் பட்டியலோடு வாங்கி வந்து ஈயம் வைத்துவிட்டு, எரியாவிட்டால் தூக்கிப் போட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். அன்றைய சுற்றில் ஒவ்வொரு பாகத்தின் காலையும் அளந்து பார்க்க முடிந்தது. இன்று பழுது நிரலிலும், மாட்யூலின் மெல்லிய பலகைக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது.

230 வோல்ட் பக்கம் வந்தால் என் பேச்சில் தயவு குறைந்துவிடும். சந்தையில் கிடைக்கும் சிறு நீல ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 6, 7 ஆம்பியர்தானே எடுக்கிறது, போதுமே என்று நேராக இணைத்துவிடுகிறார்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது. ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. அதன்பிறகு நிரல் ‘நிறுத்து’ என்று எத்தனை முறை சொன்னாலும் மோட்டார் நிற்காது. அந்தப் பலகையைச் சோப்பு டப்பாவுக்குள் வைத்து, ஈரமான மோட்டார் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது உயிரோடு விளையாடுவது. நாம் செய்த சுற்று, தரமான கைப்பேசி அடாப்டரின் 5 வோல்ட்டில் மட்டும் இயங்கட்டும். அந்த ரிலே, தொழிற்சாலையில் செய்த ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும். அந்த இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும். வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்த வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் சுற்றைத் தொடக்கக்காரருக்குச் சொல்லித்தருபவர் பெரும் தவறு செய்கிறார். அதில் குறைந்த வோல்ட் என்று நாம் தொடும் பகுதியும் மெயின் லைனோடு இணைந்தே இருக்கிறது.

ஈயப் புகையைப் பற்றிய அச்சம் சற்று இடம் மாறியது. பற்றவைப்புக் கோல் முனையின் 350 டிகிரி சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. புகைவது ஃப்ளக்ஸில் உள்ள பைன் பிசின். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தப் புகை கெடுதல், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈயம் உடலுக்குள் போவது கழுவாத விரல் வழியாக. அதே மேசையில் முறுக்குத் தின்பது கூடவே கூடாது.

பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஹீத்கிட் நிறுவனம் 1947-இல் போரில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு அலைநோக்கிக் கிட் விற்றபோது மிச்சமானது உண்மை. தொழிற்சாலைப் பொருள் மலிந்த பின் அதே நிறுவனம் 1992-இல் கிட் விற்பதை நிறுத்தியது. தொட்டிக்கான கருவியும் இன்று கடையில் உத்தரவாதத்தோடு கிடைக்கிறது. ஆசைக்கு வாங்கி அலமாரியில் தூங்கும் பலகைகளையும் கணக்கில் சேர்த்தால் வீட்டில் செய்வது நட்டமே.

ஆனால் செய்து பழகியவர் வாங்கும்போது ஏமாறுவதில்லை. நம் ஊர்களில் 4440 ஐ.சி வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உள்ளே போவதே 24 வாட். அதைவிட அதிகம் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்கிற துணிவு, சின்ன வயதில் நாலு சுற்றுகளை எரித்துப் பார்த்தவருக்கு வருகிறது. ரிமோட், எமர்ஜென்ஸி லைட், மிக்ஸி ஸ்விட்ச் என்று குப்பைக்குப் போக வேண்டியவற்றைத் திறந்து பார்க்கும் கையும் அவருக்குத்தான் வரும். இந்தப் பொழுதுபோக்கின் நட்டக் கணக்கை இவை ஈடுகட்டுகின்றன என்பது என் தீர்ப்பு.

அதனால் மாற வேண்டியது, சொல்லித்தரும் முறை. பழைய ரேடியோ, டி.வி சர்வீஸ் படங்களில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் காலிலும் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இன்றைய செய்முறைக் குறிப்புகளில் ஒயர் எங்கே செருகுவது என்பது இருக்கும். எங்கே என்ன அளவு வரவேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த எண்களைத் திரும்பக் கொண்டுவந்தாலே பாதிப் பேர் தாமாகப் பழுது கண்டுபிடிப்பார்கள். 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியே இன்று அரசுப் பள்ளிகளுக்கும் ஆர்டுயினோவும் உணரிகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் கருவி கண்காட்சி மேசையில் இயங்குகிறதா என்று மட்டும் பார்க்காமல், நடுவர் ஒரு ஒயரை ரகசியமாகத் தளர்த்திவிட்டு, அந்தப் பிள்ளையிடம் மல்டிமீட்டரைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வைக்கலாம்.