சுஜாதாவின் துப்பறியும் புதினங்களில் ஆவல்நிலை உத்தி

துப்பறியும் புதினத்தைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கும் போக்குத் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாக உண்டு. இதனால் அதன் உத்திகளைக் கற்பிக்கும் வாய்ப்பையும் இழக்கிறோம். மர்மக் கதை எழுத முனையும் மாணவர் பலர், செய்தியை இறுதிவரை மறைப்பதே ஆவலைத் தூண்டும் எனக் கருதுகின்றனர். சுஜாதாவின் (1935-2008) மூன்று புதினங்களை ஒப்பிடும்போது இக்கருத்தின் குறை புலனாகும்.

1968இல் குமுதத்தில் தொடராக வெளிவந்த 'நைலான் கயிறு' ஒரு கொலை வழக்கைப் பற்றியது. விசாரணைக்கு இடையிடையே சுநந்தா என்னும் பெண்ணின் நாட்குறிப்பு இடம்பெறுகிறது. கொலையும் நாட்குறிப்பும் வாசகர் முன் வைக்கப்படுகின்றன. அவற்றை இணைக்கும் முடிச்சு மட்டுமே ஒத்திப்போடப்படுகிறது. இங்கு ஆவல் பிறப்பது அறியாமையால் அன்று. அறிந்தது முழுமை பெறாமையால் ஆகும்.

'கரையெல்லாம் செண்பகப்பூ' புதினத்தில் இவ்வுத்தி பாத்திரப் படைப்போடு இணைகிறது. நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்கச் சிற்றூருக்கு வருகிறான் கல்யாணராமன். பலரிடம் கேட்டறிவதே அவன் பணி. ஆகவே, அயலான் ஒருவன் ஊராரை வினவுவதற்குத் தனிக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. அவன் தொழிலே கதையை நகர்த்துகிறது.

'கொலையுதிர் காலம்' இவற்றினின்று வேறுபடுகிறது. நிகழ்வது அமானுடமா, அறிவியலா என்னும் வினாவைக் கணேஷ், வசந்த் இருவரின் உரையாடல் உயிர்ப்புடன் தாங்கி நிற்கிறது. எனினும், விளக்கமாக முன்வைக்கப்படும் ஹோலோகிராம் தொழில்நுட்பம் அக்கால வாசகர் பெரும்பாலோர் அறியாதது. புதுமையை மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும். அம்மருட்கை இப்புதினத்தில் உண்டு. ஆனால் வாசகர் தாமே உய்த்துணரும் இன்பம் குறைவு. மறைத்தல் மட்டுமே போதாது என்பதற்கு ஆசிரியரின் இப்புகழ்பெற்ற படைப்பே சான்றாகிறது.

எனவே, மர்மக் கதை எழுதும் மாணவரிடம் முடிவை முதலில் கேட்பதைவிட, ஒவ்வோர் இயலின் முடிவிலும் வாசகர் அறிந்தது யாது, பாத்திரம் அறிந்தது யாது என இரு பட்டியல்கள் எழுதச் செய்தல் பயனுடையது. அவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியே கதையை இயக்குகிறது. அதனை அளந்து அமைக்கக் கற்ற மாணவர் எவ்வகைப் புனைகதையையும் செம்மையாக எழுத இயலும். வணிக எழுத்து என்னும் ஒரு சொல்லால் இப்பயிற்சியை நாம் இழந்துவிடலாகாது.