விழாத விலையை யார் போட்டார்கள்?

"ஷேர் மார்க்கெட் விழுந்தாலும் ரியல் எஸ்டேட் நிக்கும்" என்று சொல்லி ஒரு வரைபடம் காட்டுவார்கள். சந்தைக் கோடு பள்ளத்தில் கிடக்கும், சொத்துக் கோடு அலுங்காமல் போகும். எனக்கு அந்த இரண்டாவது கோட்டின் மேல்தான் சந்தேகம்.

அமெரிக்காவில் 2022-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபெட் வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 4.25 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. எஸ் அண்ட் பி 500 சுமார் 19 சதவீதம் இறங்கியது. பங்குச்சந்தையில் கைமாறும் ரெய்ட்டுகள், அதாவது கட்டடங்களை வாங்கி வாடகை பார்க்கும் நிறுவனங்கள், இன்னும் மோசம்: சுமார் 25 சதவீதம். ஆனால் பட்டியலிடப்படாத பிளாக்ஸ்டோன் ரெய்ட் (பிரெய்ட் என்பார்கள்) அதே வருஷம் லாபம் காட்டியது!

நியாயமாகச் சொன்னால், அதற்குக் காரணங்கள் இருந்தன. வாடகை நன்றாக ஏறிய குடியிருப்புகளும் கிடங்குகளும் அதன் கையில் நிறைய. வட்டி உயர்வுக்கும் முன்கூட்டியே காப்பு எடுத்திருந்தார்கள். இருந்தாலும் இவ்வளவு இடைவெளியா? ஒன்றின் விலையைச் சந்தை நிமிஷத்துக்கு நிமிஷம் போடுகிறது. மற்றதன் விலையை நிர்வாகமே மாதம் ஒருமுறை மதிப்பிட்டுப் போடுகிறது. மதிப்பீடு நடந்து முடிந்த விற்பனைகளையும், வரப்போகும் வாடகை பற்றிய ஊகத்தையும் பார்த்துச் செய்வது. மந்தத்தில் விற்பனையே நடக்காது, அதனால் பழைய விலை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

முதலீட்டாளர்கள் சும்மா இருப்பார்களா? அந்த விலைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். மாதம் 2 சதவீதம், காலாண்டுக்கு 5 சதவீதம்தான் வெளியே விடுவோம் என்ற விதி அப்போது குறுக்கே வந்தது. ஒளித்து வைத்த விதி இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான். கேட்டவர்கள் எல்லோருக்கும் முழுசாகக் கொடுக்க 2024 பிப்ரவரி ஆகிவிட்டது.

இதனால் சொத்து எப்போதும் சந்தையோடு சேர்ந்தே விழும் என்று நான் சொல்லவில்லை. 2000-02-ல் எஸ் அண்ட் பி கிட்டத்தட்ட பாதியானபோது அமெரிக்க வீட்டு விலை ஏறியது, ஃபெட் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்ததால். 2008-ல் நோய் வீட்டுக்கடனிலிருந்தே கிளம்பியது. 2006 உச்சத்திலிருந்து 2012-க்குள் வீட்டு விலை கால் பங்குக்கு மேல் போனது. சந்தை எதனால் விழுகிறது என்று கேட்காமல் இந்த வரைபடத்தைப் படிக்கவே முடியாது.

அப்புறம், வரைபடம் போடுகிற புண்ணியவான்கள் அதன் கீழே இன்னொரு கோடும் போடட்டும்: அந்தக் காலாண்டில் எத்தனை சொத்து உண்மையில் கைமாறியது என்று.