மூக்கு நீண்ட மின் டிரக்குகள்

முன்னால் ஆட்கள் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி: இதுவே பிக்கப் டிரக் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் 2021 முதல் மின்சாரத்தில் ஓடும் பிக்கப்புகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் விளம்பர ஏடுகளில் எண்களுக்குப் பஞ்சமில்லை. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, உள்ளிடம் இத்தனை கன அடி என்று அட்டவணையே போட்டுத் தருகிறார்கள். அந்த எண்களைச் சற்று உரைத்துப் பார்ப்போமா?

முதலில் கன அளவு. 2022இல் வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில், பெட்ரோல் வண்டியில் எஞ்சின் இருந்த இடத்தில் 400 லிட்டர் கொள்ளும் பெட்டி வைத்தார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் கன அளவு உருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 400 லிட்டர் தண்ணீரை எந்த வடிவமுள்ள பாத்திரத்திலும் ஊற்றலாம். ஓர் ஏணியை ஊற்ற முடியுமா? அமெரிக்கத் தச்சர் வாங்கும் பிளைவுட் பலகையின் நீளம் 8 அடி. லைட்னிங்கின் தொட்டியோ 5½ அடி; ரிவியன் ஆர்1டி 4½ அடி; டெஸ்லா சைபர்டிரக் 6 அடி. பின்கதவை மூடிக்கொண்டு அந்தப் பலகையைக் கிடத்த மூன்றிலும் இடமில்லை.

அகலத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. லைட்னிங்கின் அகலம் 2.03 மீட்டர் என்பது பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு அளந்தது. அவற்றையும் சேர்த்தால் 2.43 மீட்டர். கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டா வண்டி ஓட்டுகிறோம்?

என்னைக் கேட்டால், அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மொத்த நீளத்தில் தொட்டியின் நீளம் நூற்றுக்கு எவ்வளவு? லைட்னிங் 5.91 மீட்டர், தொட்டி 1.70, ஆக 29. ரிவியன் 5.51க்கு 1.37, ஆக 25. சைபர்டிரக்கில் 32. மூன்றும் ஐந்து பேர் அமரும் வண்டிகள். இனி, டெலோ என்ற சிறு நிறுவனம் 2023இல் அறிவித்த எம்டி1 என்ற வண்டியைப் பாருங்கள். மொத்த நீளமே 3.86 மீட்டர், தொட்டி 5 அடி, இருக்கை ஐந்து. நூற்றுக்கு 39! நிறுவனம் தரும் கணக்கு இது. ஃபோர்டைப் போல் சாலையில் ஆண்டுக்கணக்கில் அடிபட்ட வண்டியின் கணக்கு அன்று. ஆயினும் வழி புலப்படுகிறது.

அந்த இடம் எங்கிருந்து வந்தது? மூக்கிலிருந்துதான். மின் மோட்டார் சிறியது. சக்கர அச்சை ஒட்டியே அடங்கிவிடும். பாட்டரி தரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். எஞ்சினுக்காக ஏற்பட்ட நீண்ட பானெட்டுக்கு இனி அவசியம் குறைவு. ஃபோர்டு அதை விடாததற்குக் காரணம் எளிது: பெட்ரோல் எஃப்-150இன் உடலையே எடுத்து மின்வண்டியாக்கினார்கள். தொழிற்சாலைக்கு அது சிக்கனம். புதிதாகவே வரைந்து தொடங்கிய ரிவியனும் ஏன் 25இல் நின்றது என்பதுதான் எனக்கு வியப்பு.

மூக்கின் தரப்பிலும் நியாயம் உண்டு. பௌதிகம் கற்பிப்பவன் அதை மறைக்கலாகாது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 15.6 மீட்டரில், சுவரில் மோதும் வண்டியின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை நசுங்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது சராசரி எதிர்முடுக்கம்: புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. நசுங்கும் தூரம் 30 சென்டிமீட்டரானால் அதுவே 40 மடங்கு. ஆகவே குட்டை மூக்குக்காரர்கள் தங்கள் வண்டியின் மோதல் சோதனை முடிவுகளைக் காட்டியே தீர வேண்டும்.

ஆனால் இந்த நியாயம் நீளத்துக்குத்தான், உயரத்துக்கு அன்று. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகமும் உள்ள வண்டிகளைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். எஞ்சின் இல்லாத வண்டிக்கு நெஞ்சளவு உயர்ந்த முகம் எதற்கு? இந்த உயரத்தை எந்த விளம்பர ஏடும் முதல் பக்கத்தில் அச்சிடக் காணோம்.

ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். செவ்ரலே சில்வராடோவின் மின்வண்டியில், சில ரகங்களில், ஆட்கள் அறைக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள சுவரே மடியும். பின்கதவையும் திறந்து வைத்தால் 10 அடிக்கு மேல் நீளமுள்ள சாமானை ஏற்றலாம். பின்னிருக்கையில் ஆள் இல்லாத நாளில் அந்த இடம் சரக்குக்கு உதவுகிறது. டெலோவும் இதே உபாயத்தைக் கையாள்கிறது. நம் தச்சரின் 8 அடிப் பலகை அந்தச் சின்ன வண்டியிலும் ஏறும்.