குடியிருப்போர் வெளியேறாத காட்சிசாலை

பழைய கட்டடத்திலே அருங்காட்சியகம் அமைப்பதே நாகரிகத்தின் லட்சணம் என்று கருதும் ரசிகர் கூட்டம் ஒன்று நம்மிடையே பெருகி வருகிறது. கட்டடமே முதற் காட்சிப்பொருள் என்பது அவர்களுடைய மூலமந்திரம். துறவியர் சபைகள் 1835இல் கலைக்கப்பட்டபின் வெறுமையாகிப்போன பிரான்சிஸ்கன் மடாலயத்தில், வீரக்கற்களையும் போர்த்துக்கேய ஆளுநர் படங்களையும் வைத்து 1964இல் அமைந்த பழைய கோவாவின் தொல்பொருட் காட்சிசாலையைப் பொறுத்தவரை அந்த மந்திரம் பலிக்கவே செய்கிறது. கண்டிக்கருகே 1925இல் எழுந்த ஹந்தானத் தேயிலை ஆலை, பாழாய்க் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாய் உயிர்பெற்றதும் நல்லதே. ஆயினும், மலைக்காற்றிலே கொழுந்தை வாட்டுவதற்கென்று ஜன்னல் வரிசை வைத்துக் கட்டிய மேல்மாடியில் இன்று உணவகமும் தொலைநோக்கியும் இருக்கின்றன; யந்திரமும் தேயிலைப் பயிர் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரும் அங்கே பிரதானம், கூடை சுமந்தவளைத் தேடித்தான் காணவேண்டும்.

அக்குறையை நிவர்த்திக்கவே கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான பழைய லயமொன்றிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஸ்தாபிக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, சேகரித்த கருவிகளும் பாத்திரங்களும் வேறெங்கும் மதிக்கப்படாதவை. என் நெடுநாளைய ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. கோவாவில் சந்நியாசிகள் போய்விட்டார்கள். ஹந்தானயில் யந்திரம் நின்றுவிட்டது. லயத்தை விட்டு யார் போனார்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், இஸ்தோப்பின் மூலையை மறைத்துப் போட்ட அடுப்பும், புகையேறிக் கறுத்த சுவரும், ஓட்டைக்குத் தார் ஒட்டிய தகரமும், பீலிக்கரையில் வரிசையாய் நிற்கும் குடங்களும் ஹட்டன் முதல் நுவரெலியா வரை எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு இன்றைய காலை. அதையே சுவரில் மாட்டிப் புராதனமாக்கும்போது, தீராத வழக்கைத் தீர்ந்துபோன சரித்திரமாகப் பதிவு செய்துவிடுகிறோம். காம்பராவைப் பார்த்துப் பெருமூச்சு விடும் விருந்தினர், அக்காலத்தவர் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வாகனம் ஏறுவார். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளுக்கும், அவற்றைக் கொடுத்த அரசாங்கத்துக்கும் இதைவிடச் சௌகரியமான அபிப்பிராயம் வேறு உண்டா?

நினைவைக் காப்பதும் குற்றமா என்பார்கள். நினைவு என்பது நடந்து முடிந்த காரியத்துக்கல்லவா! 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோதே, லயம் இன்னும் பழங்கதையாகவில்லை என்பதை இரண்டு அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டன. காட்சிசாலையின் அபிமானிகள்தாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.