ஆணியில்லாச் சிலுவை

சர்ரியலிச ஓவியத்தில் இறையியல் மாணவருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வியக்கம் திருச்சபைக்கு நண்பனாய்ப் பிறந்ததன்று. முதல் உலகப்போரில் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய கவிஞர் அந்திரே பிரெட்டன், பிராய்டின் கருத்துகளால் தூண்டப்பெற்று, 1924இல் பாரிசில் அதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். அறிவின் காவலுக்கும் ஒழுக்கத்தின் கட்டுக்கும் அப்பால் அடிமனம் தானாகவே பேசவேண்டும் என்பது அதன் சாரம். போரிட்ட இருதரப்புப் படைகளையும் சபைகள் ஆசீர்வதித்ததைக் கண்ட தலைமுறை அது.

1926இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் தீட்டிய ஓவியத்தில், மரியாள் குழந்தை இயேசுவை மடியில் குப்புறக் கிடத்தி அடிக்கிறாள். பிரெட்டன், எலுவார், ஓவியர் ஆகிய மூவரும் சாட்சிகள். குழந்தையின் ஒளிவட்டம் தரையில் விழுந்து கிடக்கிறது. நிந்தனையே, ஐயமில்லை. ஆயினும் அடிபட்ட அச்சதை சிவந்திருக்கிறது.

இதனோடு, அவ்வியக்கத்தினின்று விலக்கப்பட்டுப் பின்னர்க் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பிய சால்வதோர் டாலியின் 1951ஆம் ஆண்டுச் சிலுவை ஓவியத்தை ஒப்பிடுவோம். கிளாஸ்கோ நகராட்சி 1952இல் 8,200 பவுன் கொடுத்து இதை வாங்கியபோது ஓவிய மாணவர்கள் எதிர்த்தனர். 1961இல் ஒருவர் அதைக் கிழித்தார். சிலுவையின் யோவான் என்னும் 16ஆம் நூற்றாண்டுத் துறவி வரைந்த சிறு சித்திரத்தைத் தழுவி, ஆண்டவரை மேலிருந்து காட்டுகிறார் டாலி. முகம் தெரியவில்லை. ஆணியில்லை, முள்முடியில்லை, ஒரு துளி இரத்தமுமில்லை. அவை ஓவியத்தின் அழகைக் கெடுக்குமெனக் கனவொன்று உணர்த்தியதாக ஓவியரே கூறினார். உடலுக்கு மாதிரியாக நின்றவர் ஹாலிவுட் சாகச நடிகர். அவ்வுடலில் தோமா தொட்டறிய எதுவுமில்லை. கிறிஸ்துவின் பாடு வெறுந்தோற்றமே என்ற பழைய தோசேத்தியக் கொள்கை இங்கே அழகின் வேடத்தில் வருகிறது என்போம். நிந்தித்தவரின் தூரிகை மாம்சத்தை அறிந்தது. பக்தியோடு வந்தவரின் தூரிகை அதை மழுப்பிற்று.

டாலியின் 1955ஆம் ஆண்டு இராப்போஜன ஓவியத்தைப் பால் டில்லிக் வன்மையாகக் கண்டித்தார். பிக்காசோவின் 'கேர்னிக்கா'வையே (1937) அவர் மாபெரும் புராட்டஸ்தாந்து ஓவியமாகக் கருதினார். அதில் சிலுவையில்லை, கிறிஸ்துவுமில்லை. ஆயினும் அக்கண்டனம் கிளாஸ்கோ ஓவியத்திற்கு முற்றிலும் பொருந்தாது. மேலிருந்து குனியும் அப்பார்வை பிதாவினுடையதாக இருக்கலாம். கீழே, போர்ட் லிகாட் கரையில், மீனவர்கள் நிமிர்ந்து பாராமல் படகையும் வலையையும் கவனித்துக்கொண்டிருக்கின்றனர்.