பத்து விழுக்காட்டுத் தேர்ச்சி

பல அளவுகோல்களைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய இடங்களில், எல்லாவற்றையும் ஒருசேர எடைபோடாமல் இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று கேட்பது இணை ஒப்பீட்டு முறை. தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வில், இவ்விடைகள் 1 முதல் 9 வரையிலான எண்களாக ஒரு சதுர அணியில் இடம்பெறுகின்றன. ஒரு கட்டத்தில் 3 என்றால் அதன் எதிர்க்கட்டத்தில் 1/3 தானாக அமரும். அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்புக்குரிய திசையனிலிருந்து எடைகள் பெறப்படுகின்றன.

ஐந்து அளவுகோல்களின் எடைகளைக் கணக்கிட நான்கு ஒப்பீடுகளே போதும் என்றாலும் இம்முறை பத்தைக் கேட்கிறது. மிகுதியான ஆறும் குறுக்கு விசாரணையாக நின்று, முதலில் சொன்னதோடு பிறகு சொன்னது பொருந்துகிறதா என்று காட்டிவிடுகின்றன. முறையின் உண்மையான வலிமை இதுவே. விடைகள் முற்றிலும் பொருந்தினால் அந்த ஐகன் மதிப்பு அளவுகோல்களின் எண்ணிக்கைக்குச் சமமாகும். பொருந்தாதபோது எழும் உபரியை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, தற்போக்கில் நிரப்பிய அணிகளுக்குக் கிடைக்கும் சராசரியோடு ஒப்பிடுவதே ஒத்திசைவு விகிதம். அது 0.10-ஐத் தாண்டக்கூடாது என்பது சாட்டியின் வரம்பு.

இந்த வரம்பைத் தேர்ச்சி மதிப்பெண்ணாகக் கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவர் செலவைவிடப் பாதுகாப்பு 5 மடங்கும், தோற்றத்தைவிடச் செலவு 5 மடங்கும் முக்கியம் என்று கருதினால், தோற்றத்தைவிடப் பாதுகாப்பு 25 மடங்காக வேண்டும். ஆனால் அளவுகோலோ 9-இல் முடிந்துவிடுகிறது. அந்த 9-ஐயே அவர் எழுதினாலும், தற்போக்குச் சராசரியை வழக்கம்போல் 0.58 எனக் கொண்டால், விகிதம் ஏறத்தாழ 0.101 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். மனத்தில் சற்றும் முரணில்லாதவரை, அளவுகோலின் குறுக்கமே முரண்பட்டவராக்கிவிடுகிறது. அவர் தேர்ச்சி பெற வேண்டுமானால் தாம் கருதாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வரம்புக்குள் நிற்கும் அணியும் நம்பிக்கைக்கு உறுதியாகாது. விகிதம் 0.10-க்குள் இருக்கும்போதே, ஒருவர் வலுவானது என்று சொன்ன விருப்பத்துக்கு, அதைவிட மெலிவானது என்று சொன்னதைக் காட்டிலும் சிறிய எடைவிகிதம் கிடைக்கக்கூடும் என்பதை பானா இ கோஸ்டாவும் வான்ஸ்னிக்கும் 2008-இல் காட்டினர். அதற்கும் முன்னே, 1983-இல், பெல்டனும் கியரும் முற்றிலும் ஒத்திசைந்த அணிகளைக் கொண்டே மற்றொரு கோளாற்றை வெளிப்படுத்தினர்: முதலிடத்தில் இருந்த தெரிவின் அச்சு அசலான நகல் ஒன்றைப் பட்டியலில் சேர்த்ததும், அத்தெரிவு இரண்டாமிடத்துக்கு இறங்கியது. எடைகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் விதியால் நகல் அதன் பங்கைப் பிரித்துக்கொண்டதே காரணம். ஒத்திசைவுச் சோதனைக்கு இது கண்ணில் படவே படாது.

ஒத்திசைவு என்பது ஒருவர் தம்மோடு தாம் உடன்படுவதே அன்றி, அவர் சொல்வது சரி என்பதற்குச் சான்றன்று. ஆகவே ஒட்டுமொத்த விகிதத்தைவிட, மிக மோசமாக முரண்படும் மூன்று ஒப்பீடுகளை இனங்காட்டும் கோச்கோடாயின் 1993-ஆம் ஆண்டுக் குறியீடு பயன்மிக்கது. எந்த விடையைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. திருத்திய அணியை மட்டும் வெளியிட்டு, முதலில் சொன்ன விடைகளை மறைக்கும் ஆய்வறிக்கையில் 0.10-க்குக் கீழுள்ள எண்ணுக்கு மதிப்பேதும் இல்லை.